உள்ளே படி

"பொம்மை ஏரோப்ளேனுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு கேட்டாரு. என் முகத்துக்கு நேரா கேட்டாரு அந்த இன்ஸ்பெக்டர்!"

அச்சகக்காரரின் மனைவி கரண்டியை அடுப்பு மேடையில் வீசிய வேகத்தில் கொழுந்தன் சட்டென்று பின்வாங்கினான். அண்ணி நகரவில்லை. கோபக்காரர்களை அண்ணிக்குப் பிடிக்கும். அழுகிறவர்கள் பாதியை மறந்துவிடுவார்கள், கோபப்படுகிறவர்கள் ஒன்றுவிடாமல் கொட்டிவிடுவார்கள் என்பது அவள் தொழில் அனுபவம்.

அண்ணி என்றால் துப்பறிவாளர். உதவியாளன் அவள் கணவனின் தம்பி. அவன் ஓயாமல் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில் வக்கீல்களும் போலீஸ்காரர்களும்கூட அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். கொழுந்தனுக்கு வண்டி ஓட்டுவதும் போட்டோ எடுப்பதும் வேலை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காதது அவனே இலவசமாகச் செய்யும் சேவை.

கேஸ் இதுதான். அச்சகத்தில் தகடு தயாரிக்கிற பிரிவில் வேலை பார்ப்பவர் போன வியாழக்கிழமை மத்தியானம் தன் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மண்டை உடைந்து கிடந்தார். இன்னும் ஆஸ்பத்திரியில் நினைவு திரும்பவில்லை. மாடி அறையில் நாலு வருஷமாக அவர் செய்துகொண்டிருந்த விமான மாடலைக் காணோம். கடையில் பெட்டியாக வாங்கிப் பொருத்துகிற விமானம் அல்ல அது. மரச் சட்டத்திலிருந்து சக்கரம் வரை தன் கையால் செய்து, மேலே உலோகத் தகடு போர்த்திய வெள்ளி நிறப் பயணிகள் விமானம். ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலம்.

நேற்று கண்காட்சிக் கூடத்தில் அதே அளவில் அதே விமானம் நின்றது. உடம்பில் நீலக் கோடு புதிது, வாலில் சின்னம் புதிது. கீழே அட்டையில் செய்தவர் பெயரும் புதிது. மாடல் விமானக் கழகத்தின் தலைவராம். மனைவி "திருடன்!" என்று கத்தினாள். காவலாளிகள் தோளைப் பிடித்து அவளை வாசலுக்கு வெளியே தள்ளினார்கள்.

இன்று சாயங்காலம் பரிசளிப்பு. அது முடிந்த கையோடு விமானம் பெட்டிக்குள் ஏறி வெளிநாட்டுப் போட்டிக்குப் போய்விடும். போலீஸோ 'படியில் வழுக்கி விழுந்தார்' என்று எழுதிக் கையைக் கழுவிவிட்டது. அந்த விமானம் இவருடையது என்று சாயங்காலத்துக்குள் காட்டாவிட்டால், மண்டையை உடைத்தவன் மாலையோடு விமானம் ஏறுவான். இதை நினைக்க நினைக்க அண்ணிக்குக் காதுமடல் சூடேறியது.

"விழுந்த பிறகு அவர் ஏதாவது பேசினாரா?"

"தலையைத் தூக்கி மடியில வெச்சேன். 'படி... உள்ளே படி...'ன்னாரு. அவ்வளவுதான், கண்ணை மூடிட்டாரு. பக்கத்து வீட்டுக்காரரும் கேட்டாரு. அதைத்தான் போலீஸ் கெட்டியா பிடிச்சுக்கிச்சு. படியில விழுந்தேன்னு அவரே சொல்லிட்டாராம்!"

அண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மாடிக்குப் போகும் இரும்புப் படி வீட்டுக்கு வெளியே, பக்கச் சுவரை ஒட்டி ஏறியது.

"வீட்டுக்கு உள்ளே படியே இல்லையே?"

"அதைத்தான் நானும் தொண்டை வறளக் கத்தினேன். அடிபட்ட ஆள் உளறத்தான் செய்வாருன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"ரெண்டு வார்த்தையில தனக்கு வேண்டியது மட்டும் வாக்குமூலம், வேண்டாதது உளறலா?" என்றான் கொழுந்தன். "நல்ல வசதி அண்ணி. நம்ம ஆபீசுக்கும் இந்த முறையைக் கொண்டு வரலாம்."

"வாயை மூடு தம்பி. நீங்க சொல்லுங்க, அந்தத் தகடு எப்படிப்பட்டது? ரெண்டு ஏரோப்ளேனும் ஒண்ணுதான்னு காட்டணும்னா எனக்கு அதன் தோல் தெரியணும்."

மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"அந்த ஏரோப்ளேன் எனக்குச் சக்களத்திங்க. அவ சேலை எடுத்த கதை பூரா எனக்குத் தெரியும். முதல்ல சமையல் கட்டுல இருக்கிற அலுமினியத் தாள். என் சுருள் மொத்தமும் போச்சு. ஒட்டினா பளபளன்னு இருக்கும், விரல் பட்டா சுருக்கம் விழும். அப்புறம் குளிர்பான டின்னை வெட்டினாரு. அது வீம்பு பிடிச்ச தகடு. வளைச்சு ஒட்டினா ராத்திரியே எழும்பி உட்கார்ந்துக்கும். கையெல்லாம் கீறல், மருந்து போட நான். அப்புறம் பின்னால பசை வெச்ச வெள்ளி டேப். மழைக்காலத்துல ஓரம் ஓரமா தூக்கிக்கிச்சு. கடைசியில பார்த்தா, வேலை செய்யற இடத்துலயே கண்ணு முன்னாடி கிடக்குது."

"அச்சுத் தகடு."

"ஆமா. மிஷின்ல ஓட்டி முடிச்சா தூக்கிப் போட வேண்டியதுதான். நல்ல அலுமினியம், காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமன். கத்தியால கோடு போட்டு மடக்கினா சுத்தமா பிரியும், வளைச்சா சொன்ன இடத்துல நிக்கும். இந்த வீட்டுல அவர் பேச்சைக் கேட்டது அது ஒண்ணுதான்."

அடுப்பைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகக் கறை இருந்ததை அண்ணி சுட்டிக்காட்டினாள்.

"அது அவர் சமையல். விமானத்துக்கு மூக்கு கிண்ணம் மாதிரிக் குழிவா இருக்கும் இல்ல? அதுக்குத் தகட்டை இளக்கணும். துணி சோப்பைத் தேச்சு என் அடுப்புல காட்டுவாரு. சோப்பு கறுத்ததும் எடுத்துடணும், அசந்தா தகடே போயிடும். வீடு பூரா தீஞ்ச நாத்தம். திட்டித் திட்டி எனக்கு வாய்தான் வலிச்சுது."

"எல்லாத் தகட்டையும் சுடுவாரா?"

"எதுக்கு? ஒரு பக்கமா வளையறதுக்குச் சூடே வேண்டாம். குழியறதுக்கு மட்டும்தான்."

இதைக் கேட்டுக்கொண்டே கொழுந்தன் சுவரில் சாய்ந்தான். அடுப்புக்குப் பின்னால் எண்ணெய் தெறிக்காமலிருக்க ஒட்டியிருந்த பளபளப்பான தகட்டின் மூலை பெயர்ந்து அவன் தோளோடு வந்தது.

"ஐயையோ, நான் ஒண்ணும் பண்ணல! தானா வந்துச்சு!" என்றவன் தகட்டின் மறுபக்கத்தைப் பார்த்து நிறுத்தினான். "அண்ணி, இதுல படிக்கறதுக்கு விஷயம் இருக்கு."

சுவரைப் பார்த்த பக்கத்தில் எழுத்துகள் இருந்தன. மேலே கொட்டை எழுத்தில் 'தலைவரின் செய்தி'. அதற்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக ஒரு ஓட்டை. ஓட்டையின் இடப்பக்கத்தில் 'நேர்மையும் உழைப்பும் நமது', அதை ஒட்டிப் பாதி அறுபட்ட ஒரு 'க', வலப்பக்கத்தில் 'கண்கள்'.

"நேர்மைக்கும் கண்ணுக்கும் நடுவுல ஓட்டை," என்றான் கொழுந்தன். "ஆமா, அச்சுன்னா எழுத்து தலைகீழா இல்ல இருக்கணும்?"

"அது அந்தக் காலத்து அச்சு. இதுல தகட்டுல நேரா இருக்கும், ரப்பர் உருளையில திரும்பும், காகிதத்துல மறுபடி நேராகும். மிச்சத் தகட்டை அடுப்புக்குப் பின்னால ஒட்டிக்கோன்னு அன்னைக்குக் காலையிலதான் கொடுத்தாரு. வியாழக்கிழமை."

"இது யாரோட செய்தி?"

"வேற யாரு, அந்தத் தலைவன்தான்! கண்காட்சி மலர் எங்க வீட்டுக்காரர் அச்சகத்துலதான் அடிச்சாங்க. புதன்கிழமை மிஷின் ஓட ஆரம்பிச்ச பிறகு வந்து நின்னு, போட்டோ நல்லாயில்ல, இன்னைக்கு எடுத்த புதுசைப் போடுன்னு எல்லார் முன்னாடியும் இவரைப் பார்த்துக் கத்தியிருக்கான். மறுபடி தகடு எடுத்து, மறுபடி ஓட்டி முடிச்சு, கொதிச்சுப் போய் வந்தாரு மனுஷன். மறுநாள் காலையில பார்த்தா சிரிச்சுக்கிட்டே படி இறங்கி வர்றாரு. கடைசித் தகடும் ஒட்டியாச்சுன்னாரு. எங்கேன்னு கேட்டேன். 'கக்கூஸ் மேலே'ன்னாரு. சொல்லிட்டு ஒரே சிரிப்பு. எனக்கு வேலைக்கு நேரமாச்சு, எரிச்சல். பைத்தியமான்னு திட்டிட்டுப் போயிட்டேன். மத்தியானம் வந்து பார்த்தா..."

அவள் திரும்பிக்கொண்டாள். கரண்டியை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அண்ணி அந்தச் சதுர ஓட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிக மெதுவாகப் பேசினாள். அண்ணி மெதுவாகப் பேசினால் உச்சக் கோபம் என்பது கொழுந்தனுக்குத் தெரியும்.

"தம்பி, இந்தத் தகட்டை மடங்காம எடுத்துக்கோ. அம்மா, நீங்களும் கிளம்புங்க. உங்க வீட்டுக்காரர் படிக்கட்டைப் பத்திப் பேசவே இல்ல. உங்களைப் படிக்கச் சொல்லியிருக்காரு."

கண்காட்சிக் கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. முன்வரிசையில், சட்டையில் பூ குத்திக்கொண்டு, சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்தார் அதே இன்ஸ்பெக்டர்.

"தேடி அலைய வேண்டாம் அண்ணி," என்றான் கொழுந்தன். "போலீஸே சம்பவ இடத்துல ரெடியா இருக்கு. பலகாரத் தட்டோட."

தலைமை நடுவர் பெரிய விமானங்களைப் பழுது பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள். குரலிலேயே மதிப்பெண் குறைப்பவர். கையால் செய்த மாடல்கள் பிரிவில், எந்தப் பாகத்தைப் பற்றியும் சபையில் கேள்வி கேட்கலாம் என்பது விதி. அண்ணி அந்த விதியைப் பிடித்துக்கொண்டாள். அச்சகக்காரரின் மனைவியைக் கண்டதும் காவலாளிகள் ஓடிவந்தார்கள். நடுவர் ஒரு பார்வை பார்த்தார், நின்றுவிட்டார்கள்.

"தலைவரே, ஒரே ஒரு கேள்வி," என்றாள் அண்ணி. "இவ்வளவு அழகான தகடு. எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?"

தலைவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். இந்தக் கேள்வி அவருக்குத் தேனாக இனித்தது.

"சமையல் தாள் கசங்கும். டின் வளையாது. அதனால அலுமினியத் தகடு. அதுவும் புதுத் தகடு, பிரிக்காத கட்டா கடையில வாங்கினது. சில பேர் அச்சகத்துல தூக்கிப் போடறதைப் பொறுக்கி ஒட்டுவாங்க. பொறுக்கி வேலை எனக்குப் பிடிக்காது."

"யாரைப் பொறுக்கின்னு சொல்றே?" மனைவி பாய்ந்துவிட்டாள். கொழுந்தன் குறுக்கே விழுந்து தடுத்ததில் அவன் காலில் ஒரு மிதி விழுந்தது.

"அப்போ உங்க தகட்டுக்கு உள்பக்கமும் வெறுமையாத்தான் இருக்கும்?" என்று அண்ணி விடாமல் கேட்டாள்.

"கண்ணாடி மாதிரி."

"ஒண்ணைக் கழட்டிப் பார்க்கலாமா?"

"தாராளமா! இதோ, மூக்குல இருக்கிற இந்தத் தகட்டையே எடுங்க. உள்ளே எழுத்து கிழுத்து இருந்தா பரிசே வேண்டாம். இல்லேன்னா இந்தம்மா இந்த மேடையிலயே என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

நடுவர் மெல்லிய கத்தியை ஓரத்தில் செருகினார். தகடு நோகாமல் எழும்பியது. நடுவர் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓர் எழுத்துகூட இல்லை.

கூடம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் எழுந்தே விட்டார். "அண்ணி, மரியாதையா கூட்டிக்கிட்டுப் போங்க. போன தடவை வாசலோட விட்டாங்க, இந்தத் தடவை ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும்."

மனைவியின் முகம் வெளிறிப்போயிற்று. அண்ணியின் கண் விமானத்தின் மூக்குக்குப் போனது. மூக்கைத் தானாகக் காட்டுகிறான் என்றால், மூக்குத் தகடு ஒன்று கழன்று வந்து அதன் உள்பக்கத்தை அவன் ஏற்கெனவே பார்த்திருக்க வேண்டும். மூக்கு. குழிவு. அடுப்பு.

"மோந்து பாருங்கம்மா," என்றாள் நடுவரிடம்.

நடுவர் முகர்ந்தார். புருவம் ஏறியது. "சோப்பு. தீஞ்ச சோப்பு. இளக்கின தகடு இது."

"நெருப்புல காட்டினா அச்சு எழுத்து தாங்குமா?"

"எப்படித் தாங்கும்? எரிஞ்சு போகும்."

"அப்போ நெருப்பு படாத இடத்தைப் பார்க்கணும். வாலுக்கு முன்னால, பயணிகள் கழிப்பறை வருமே, அதுக்கு மேல இருக்கிற தகடு."

தலைவர் விமானத்துக்கு முன்னால் வந்து நின்றார். "ஒரு தகடுன்னுதான் பேச்சு! நாலு வருஷ உழைப்பை நாசம் பண்ணப் பார்க்கறீங்களா?"

"நடுவர் நானா, நீங்களா?" என்றார் அந்த அம்மாள். "தள்ளுங்க."

இரண்டாவது தகடு எழும்பியது. நடுவர் அதைத் திருப்பினார். மஞ்சள் பசைக்கு அடியில், கோட்டும் டையுமாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் தலைவர். படத்துக்குக் கீழே 'கழகத்தின் இரு' என்று எழுத்து.

"அட, தலைவரே!" என்றான் கொழுந்தன். "நீங்க விமானத்துக்கு உள்ளேயே இருக்கீங்க. இருக்கிற இடம்தான் கொஞ்சம் நாறும்."

அண்ணி சமையல் கட்டுத் தகட்டை மேஜையில் விரித்து, அந்தச் சதுரத்தை ஓட்டையில் வைத்தாள். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. கத்தி இரண்டாக அறுத்திருந்த 'க' ஒன்று சேர்ந்தது. நேர்மையும் உழைப்பும் நமது கழகத்தின் இரு கண்கள் என்று நடுவர் உரக்கப் படித்தார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

தலைவர் வியர்வையைத் துடைத்தார். ஆனால் ஆள் லேசுப்பட்டவர் அல்ல.

"சரி, ஒத்துக்கறேன். நான் செஞ்சது இல்ல. போன மாசமே அவர்கிட்ட வாங்கிட்டேன். அவரே என் வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுத்தாரு. என் பேரைப் போட்டுக்கிட்டது தப்புதான், பரிசு வேண்டாம். ஆனா அவர் வீட்டு மாடியை நான் கண்ணால பார்த்ததே இல்ல."

இன்ஸ்பெக்டர் நிம்மதியாக உட்கார்ந்தார். "பார்த்தீங்களா? இது கழகத்துக்குள்ள நடந்த ஏமாத்து வேலை. அவர் படியில விழுந்தது தனி விஷயம்."

அண்ணிக்கு அந்த நிமிஷம் தலைவரைவிட இன்ஸ்பெக்டர் மேல்தான் ஆத்திரம் வந்தது. திருடன் தன் தோலைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான். இந்த ஆள் தன் நாற்காலியை விட்டு எழாமல் இருப்பதற்காக நம்புகிறான்.

"எல்லாரும் கையில இருக்கிற மலரைத் திறங்க," என்றாள். "முதல் பக்கம்."

காகிதங்கள் சரசரத்தன. அதே கோட்டு, அதே டை, அதே பல்.

"நடுவரம்மா, இந்தப் போட்டோ எப்ப எடுத்ததுன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? போன புதன்கிழமை கழகக் கூட்டத்துல எடுத்தது. நான்தான் பக்கத்துல நின்னேன். வெட்டி எறிஞ்சுட்டாரு, பாருங்க, என் தோள்பட்டை மட்டும் இருக்கு."

அண்ணி தலைவர் பக்கம் திரும்பினாள். "போன மாசம் வாங்கின ஏரோப்ளேனுக்குள்ள, போன புதன்கிழமை எடுத்த போட்டோ எப்படி வந்துச்சு?"

தலைவர் கையிலிருந்த மலரைச் சட்டென்று மூடினார்.

"புதன்கிழமை தகடு மிஷின்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஓடி முடியாத தகட்டை யாரும் வெட்ட முடியாது. வியாழக்கிழமை காலையிலதான் அவர் இதை வெட்டி ஒட்டினாரு. மத்தியானம் அவர் கீழே கிடந்தாரு, ஏரோப்ளேன் மேலே இல்ல. நடுவுல அந்த மாடிக்கு வந்தது யாரு? போட்டோ நல்லாயில்லன்னு மிஷினை நிறுத்தினீங்களே ஐயா, பழைய போட்டோவே இருந்திருந்தா இன்னைக்கு நீங்க தப்பிச்சிருப்பீங்க."

"அவனுக்கு எதுக்கு அது?" தலைவர் வெடித்தார். "மாடியில பூட்டி வெச்சு அழகு பார்க்கவா? நாலு பேருக்குக் காட்டத் துப்பில்லாத பய! இறக்கையை விடுடான்னு சொன்னேன். விட்டிருந்தா விழுந்திருக்கவே மாட்டான்!"

சொன்ன பிறகுதான் அந்த ஆளுக்கே தான் சொன்னது காதில் விழுந்தது. இனி இவருக்கு 'ர்' போட்டு மரியாதை செய்ய வேண்டிய அவசியம் இல்லை. அவன் பக்கவாட்டுக் கதவைப் பார்த்தான். அங்கே நேற்று அச்சகக்காரரின் மனைவியைத் தள்ளிய காவலாளிகளே குறுக்கே நின்றார்கள்.

இன்ஸ்பெக்டர் சட்டையிலிருந்த பூவைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்.

"படின்னா ஏறி இறங்கறது மட்டும் இல்ல சார்," என்றாள் அண்ணி. "பள்ளிக்கூடத்துல இன்னொரு படியும் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. உள்ளே படின்னு அவர் தெளிவாத்தான் சொன்னாரு. நீங்கதான் அதை உளறல்னு தள்ளினீங்க."

இன்ஸ்பெக்டர் தலைவனின் கையைப் பிடித்தார்.

அச்சகக்காரரின் மனைவி யாரையும் பார்க்காமல் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் இருந்த நாத்தனார் எடுத்தாள்.

"போனை உங்க அண்ணன் காதுல வை. டாக்டர் திட்டினா திட்டட்டும், வை!" பிறகு கூடம் முழுவதும் கேட்கிற மாதிரி கத்தினாள். "ஏங்க! படிச்சாச்சு! ஊரே கூடிப் படிச்சாச்சு! கக்கூஸ் மேலே யாருன்னு இப்பத்தான் பார்த்தேன். அன்னைக்கு ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருந்தா நானும் சிரிச்சிருப்பேன் இல்ல? திட்ட வெச்சு அனுப்பிட்டீங்களே! எழுந்து வாங்க. வந்து மறுபடி முதல்லேர்ந்து சொல்லுங்க, சிரிக்கறேன்."

கொழுந்தனிடம் ஒரு ஜோக் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டான்.

போனில் நாத்தனாரின் குரல் பதறியது. "அண்ணி... அண்ணி... அண்ணன் என் விரலைப் பிடிச்சுக்கிட்டாரு. உருவிப் பார்க்கறேன், விட மாட்டேங்கறாரு!"

மனைவி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

"விட மாட்டாரு. அவர் எதைத்தான் விட்டாரு!"